பாதி பார்த்தது

அம்மா வீட்டில் டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் இருக்கும் பதிவுப் பெட்டிக்கு மூச்சு உண்டு. ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, முருங்கை ஏற்றின கடைசி லாரியும் தெருவைக் கடந்துபோன பிறகு காதைக் கொடுத்தால், உள்ளே ஹார்ட் டிஸ்க் சுழலும் மெல்லிய இரைச்சல், ஓலைக் கொட்டகைக்குள் பதநீர் காய்கிற சத்தம்போல விட்டுவிடாமல் கேட்டுக்கொண்டிருக்கும். அப்பா போன பிறகு அந்த ஹாலிலேயே கட்டிலைப் போட்டுப் படுக்கத் தொடங்கிய அம்மாவுக்கு அது துணைபோலப் பழகிவிட்டது. 2024 ஐப்பசியில், மழை வெறித்த ஒரு காலையில், பாளையங்கோட்டையில் இருக்கும் எனக்குப் போன் போட்ட அம்மா, டிவி ஓடவில்லை என்றா சொன்னாள்? "எய்யா, ஒங்க அப்பா வாங்கின பெட்டி ராத்திரியில இருந்து மூச்சு விடல பாத்துக்கோ. செவப்பு லைட்டு மட்டும் மினுக்கு மினுக்குன்னு அடிக்கு" என்றாள்.

திசையன்விளைக்குப் பஸ் ஏறும் முன்பு டிஷ் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் பேசிப் பார்த்தேன். மறுமுனையில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். பதினாலு வருஷத்துப் பெட்டி சார், ஸ்பேர் வராது, பழசைக் கொடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கோங்க, விலையில தள்ளுபடி இருக்கு. "அதுல பதிஞ்சு வச்சிருக்கிறது என்ன ஆகும்?" என்று கேட்டேன். "அது போயிடும் சார்" என்றாள். யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இட்டமொழி தாண்டிச் செம்மண்ணும் பனையும் காற்றாலைகளுமாக நம் பக்கத்து முகம் தெரிய ஆரம்பிக்கிற இடத்தில், அந்த மூன்று சொல் மறுபடி வந்து காதில் உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்குப் போய் ஸ்டாண்டை முன்னால் இழுத்துப் பெட்டியைத் தூக்கியபோது அதன் அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. அப்பா வாத்தியார். கரும்பலகையில் எழுதுகிற அதே நிமிர்ந்த எழுத்தில், தேதி போட்டு, எண் போட்டு, பெட்டியில் பதிந்ததையெல்லாம் எழுதி வைத்திருந்தார். சிலவற்றின் பக்கத்தில் சிவப்பு மையில் "அழிக்கக் கூடாது" என்று இருந்தது. கடைசி வரி 2019 தை மாதத்துத் தேதி: "தில்லானா மோகனாம்பாள் – பாதி பார்த்தது." அதற்குப் பிறகு அவர் ஒன்றும் எழுதவில்லை. அந்த மாதக் கடைசியில் அவர் இல்லை.

பெட்டியை நானே திறந்துவிடுவது என்று அப்போதுதான் முடிவு செய்தேன். அந்தத் துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், 1982-க்குத்தான் போக வேண்டும். அந்த வருஷம் பிப்ரவரி 15 அன்று இலங்கையில் ரூபவாகினி தொடங்கியபோது எனக்குப் பதினொரு வயது. சென்னையில் 1975 ஆகஸ்ட் 15-லேயே தொலைக்காட்சி வந்துவிட்டது என்றாலும், ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த சென்னை எங்களுக்கு வெளிநாடு. கொழும்புதான் பக்கத்து ஊர். இலங்கையிலேயே உயரமான பிதுருதலாகலை மலைமேல், 2,524 மீட்டர் உயரத்திலிருந்து கிளம்பும் ரூபவாகினி அலை, ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தாண்டி, பாதிக்குமேல் கடலாகவே கடந்து, உவரிக் கரையேறி, தேரிக்காட்டுப் பனைகளுக்கு மேலாக வந்து எங்கள் தெருவில் விழும். நேர்கோட்டில் போகிற அலை அவ்வளவு தூரம் வரக்கூடாதுதான். ஆனால் காற்று அசையாத இரவுகளில் கடலை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதற்குமேல் சூடான காற்றுமாக அடுக்குப் படியும்போது, அந்த அடுக்கு அலையை மேலே தப்பவிடாமல் வளைத்து வளைத்துக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். இந்தக் காரணமெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், மீன்முள்போல விரிந்த அலுமினிய ஏரியலை ஜிஐ பைப்பின் உச்சியில் கட்டித் தென்கிழக்கே திருப்பினால் படம் வரும், ஆடிக்காற்று அடித்தால் ஏரியல் தானாகத் திரும்பிப் படம் போய்விடும் என்பதுதான்.

அப்படிப் போனால் ஒருவன் மாடியேற வேண்டும். உங்கள் வீட்டிலும் ஒருவன் ஏறியிருப்பான். எங்கள் தெருவில் அது நான். மேலே பைப்பைப் பிடித்துக்கொண்டு நான், ஜன்னலோரம் அக்கா, ஹாலில் டிவிக்கு முன்னால் அப்பா, வாசலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பத்துப் பேர், "வந்துட்டா?" என்று நான் கேட்க, அது ஜன்னல் வழியாக உள்ளே போய், "இல்ல, கோடு கோடா வருது" என்று திரும்பி வர, இன்னும் கொஞ்சம் கிழக்கே, இன்னும் கொஞ்சம், அட தாண்டிப் போயிட்டியே, திரும்பி வா, ஆங், ஆங், விட்டுராத, அப்படியே நில்லு என்று பத்துக் குரல் ஒன்றாகக் கிளம்புகிற அந்தக் கணத்தில், கீழே என்ன படம் வந்தது என்று எனக்குத் தெரியாது. என் கையில் இருந்த பைப்பு அதிர்ந்ததுதான் தெரியும். ஊர்ப்பெயரிலேயே திசையை வைத்திருக்கிற ஊரில், ஒரு பாகை முன்னே பின்னே போனால் முகம் மாறிவிடுகிற உலகத்தை நான் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். சிங்களச் செய்தி ஒரு சொல்கூடப் புரியாமல் முழுக்கப் பார்த்தோம். தமிழ்ச் செய்தி வந்தால் அப்பா எழுந்து உட்கார்ந்துகொள்வார். அடுத்த வருஷம் ஆடியில் கொழும்பிலிருந்து வந்த செய்திகள் வேறு மாதிரியானவை. அப்போது அப்பா யாருடனும் பேசாமல் பெட்டியை அணைத்துவிட்டு முற்றத்தில் போய் நின்றதும் நினைவிருக்கிறது.

பிறகு கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷன் கோபுரம் ஒளிபரப்பத் தொடங்கியதும் ஊர் ஏரியல்களெல்லாம் ஒருநாள் வடக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டன. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ராமாயணம், அது முடிந்து 1988 அக்டோபரிலிருந்து மகாபாரதம். இந்தி புரியாத அத்தனை பேரும் கண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். அதற்கு முந்தைய வருஷங்களில் சிங்களம் புரியாமல் பார்த்துப் பழகியிருந்தோமே. மொழி தெரியாத படத்தை முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்ளும் பயிற்சி எங்கள் ஊருக்கு இருந்தது.

ரேடியோக்கடை அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லாமல் இதில் ஒன்றும் சொல்ல முடியாது. பஜாரில் ஒன்பதடி அகலக் கடை. உள்ளே நுழைந்தால் முகத்தில் அடிக்கிற வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது; ஈயம் உருகும்போது அதோடு சேர்ந்து எரியும் பைன் மரப் பிசினின் புகை. அம்மா என் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னல, குங்கிலியம் போட்டுட்டு வந்த மாதிரி இருக்கு" என்பாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே போய் ஸ்டூலில் உட்கார்ந்து டார்ச் பிடிப்பதுதான் எனக்கு வேலை. கூலி ஒரு கடலை மிட்டாய். அவர் ஒரு மரப்பலகையில் பல்பு ஹோல்டர் ஒன்றும் பிளக் பாயிண்ட் ஒன்றும் பொருத்தி வைத்திருந்தார். ரிப்பேருக்கு வருகிற எதையும் நேராகக் கரண்டில் மாட்டமாட்டார். அந்தப் பல்பு வழியாகத்தான் மாட்டுவார். சீரீஸ் பல்பு. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று முழுசாக எரியும், கரண்டைத் தானே தாங்கிக்கொண்டு போர்டைக் காப்பாற்றும். சரியாக இருந்தால் ஒருமுறை மினுங்கி மங்கிவிடும். "பெட்டி என்ன சொல்லுதுன்னு மொதல்ல பல்புகிட்ட கேக்கணும் மக்கா. நாம போய் நேரா கேட்டா கோவிச்சுக்கிடும்" என்பார்.

சால்டரிங் அயர்ன் பிடிக்க அவர்தான் கற்றுக்கொடுத்தார். ஈயத்தை அயர்ன் முனையில் வைத்து உருக்கி ஒழுகவிடுவதுதான் எல்லாப் பிள்ளைகளும் செய்வது, நானும் செய்தேன். அவர் என் கையைப் பிடித்து, முதலில் கம்பியையும் தகட்டையும் சேர்த்துச் சூடாக்கவைத்து, பிறகு எதிர்ப்பக்கத்தில் ஈயத்தைத் தொடவைத்தார். தொட்டதும் ஈயம் தண்ணீராகி, அயர்னைத் தேடித் தானே ஓடிவந்து கம்பியைச் சுற்றிப் படர்ந்து, பளபளவென்று ஒரு சின்னக் கூம்பாக நின்றது. அந்தப் பளபளப்பு மங்காமல் இருந்தால் ஒட்டு நல்ல ஒட்டு. பன்னிரண்டு வயதில் கண்ட அந்தப் பளபளப்பை, எத்தனையோ பெரிய ஊர்களில் எத்தனையோ பெரிய விளக்குகளைப் பார்த்த பிறகும், நான் மறக்கவில்லை.

அப்புறம் டெக்கு வந்தது. யாரும் விசிஆர் என்று சொன்னதில்லை, டெக்குதான். முதலில் கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் வாடகைக்கு வந்தது. விடிய விடிய மூன்று படம், பனம்பாயில் உட்கார்ந்த பிள்ளைகள் இரண்டாவது படத்திலேயே உருண்டுவிடுவார்கள். எங்கள் வீட்டுக்கு 1990-ல் வந்தது. ஒரு ஈ-180 கேசட்டில் மூன்று மணி நேரம் அடங்கும் என்பதால், எது மூன்று மணி நேரத்துக்குத் தகுதி உடையது என்று அப்பா நாள்கணக்கில் யோசிப்பார். பதிந்து முடித்ததும் கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் காதை ஸ்க்ரூடிரைவரால் உடைத்துவிடுவார். காது போன கேசட்டில் மறுபடி எதையும் பதிய முடியாது. மனம் மாறினால் அந்தக் குழிமேல் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டினால் போதும், டெக்கு ஏமாந்துவிடும். அப்பா ஒருதரம்கூட ஒட்டியதில்லை. பிறகு வெள்ளை லேபிளில் பெயர், தேதி, அடியில் கோடு. அக்கா மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் கேசட் கைமாறும். அவர்களிடமிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும். மூன்று மாதம் கழித்து ஏதோ ஓர் உறவுக்காரர் கருப்பட்டிச் சிப்பத்தோடு சேர்த்துத் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பார். ஒரு படத்தை எத்தனை கைகள் தொட்டன என்பது கேசட்டின் ஓரத்து அழுக்கில் தெரியும். கடற்காற்றின் ஈரத்தில் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். அண்ணாச்சி கேசட்டைத் திறந்து துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்துக் கொடுப்பார்.

2011 உலகக் கோப்பைக்கு முன்னால் இந்தப் பெட்டியை வாங்கவைத்தது நான்தான். மாடியில் டிஷ் வைக்க வந்த பையன் அதை ஏறக்குறைய மல்லாக்கப் படுக்கவைத்தபோது அப்பா ஆச்சரியப்பட்டார். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு எட்டரைப் பாகைகூட வடக்கே இல்லை. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் அந்த ரேகைக்கு மேலே நிற்கும் செயற்கைக்கோள், டெல்லிக்காரர்களுக்குத் தெற்கு வானத்தில் சரிந்து நின்றால், நமக்குக் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். "இனிமே திருப்ப வேண்டாமால?" என்று கேட்டார். வேண்டாம் அப்பா, ஒருதரம் வைத்தால் வைத்ததுதான் என்று பெருமையாகச் சொன்னேன். அது உண்மை. படம் வந்தால் கண்ணாடிபோல வரும். மழை கனத்தால், கோடும் இல்லாமல் புள்ளியும் இல்லாமல், மொத்தமாக நின்று "சிக்னல் இல்லை" என்று எழுதிக் காட்டும். கொஞ்சம் வருகிற படம், பாதி வருகிற முகம், பக்கத்தில் நிழல்போல ஒட்டி வருகிற இன்னொரு முகம் என்பதெல்லாம் அன்றோடு போயிற்று. மாடியில் ஒருவன் நிற்க வேண்டிய தேவையும் போயிற்று.

அதே வாரத்தில் நான் இன்னொரு காரியமும் செய்தேன். 500 ஜிபி டிஸ்கில் நாற்பது கேசட்டுக்கு மேல் அடங்கும், இனி இதெல்லாம் எதற்கு என்று, பரணில் இருந்த கேசட்டுகளை, அக்கா கல்யாணத்தைத் தவிர, பழைய பிளாஸ்டிக் எடுக்க வந்தவரிடம் எடை போட்டுக் கொடுத்தேன். லேபிள்களைக்கூட உரித்து வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அப்பா திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பஜாருக்குப் போய் அந்த நாற்பது பக்க நோட்டை வாங்கிவந்திருக்கிறார். இது எனக்குத் தெரிந்தது, அவர் போய் ஐந்தரை வருஷம் கழித்து, முதல் பக்கத்துத் தேதியைப் பார்த்தபோது.

நோட்டின் இரண்டாம் வரி 2011 ஏப்ரல் 2. மும்பை வான்கடேயில் இறுதி ஆட்டம். இலங்கை 274, ஜெயவர்தனே ஆட்டமிழக்காமல் 103; கம்பீர் 97, தோனி 91, கடைசியில் குலசேகரா பந்தில் அந்த சிக்ஸர். "அழிக்கக் கூடாது" என்று சிவப்பு மை. ஆனால் அதன் கீழே பென்சிலால், "ஜெயவர்தனே ஆட்டம் மிக நன்று" என்றும் எழுதியிருக்கிறார். நாங்கள் அழகான கிரிக்கெட்டை முதலில் கண்டது தென்கிழக்கே திரும்பிய ஏரியலில் அல்லவா, அந்தக் கடனை அவர் மறக்கவில்லை. 2012-ன் பக்கங்களில் முக்கால்வாசி வரிக்கு எதிரே "பாதியில் நின்றது – கரண்ட்" என்று இருக்கிறது. தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு இருந்த வருஷம் அது. எங்கள் வாசலில் நின்று பார்த்தால் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும், வீட்டுக்குள் பெட்டி அணைந்து அணைந்து எரியும். 2018 அக்டோபரில் தாமிரபரணி மகா புஷ்கரம், 144 வருஷத்துக்கு ஒருமுறை என்பதால், நேரடி ஒளிபரப்பைத் தினமும் ஒரு மணி நேரம் பதிந்திருக்கிறார். அப்போது அவரால் பஸ்ஸில் பாபநாசம்வரை போக முடியவில்லை.

பெட்டியின் மேல்மூடியைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது தூசி; அதற்கடியில் ஸ்க்ரூ தலைகளிலும் தகட்டு ஓரங்களிலும் உப்புக்காற்று போட்ட பச்சையும் துருவும். பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும் உடனே கை வைக்கக் கூடாது. சுவரில் வரும் 230 வோல்ட், உள்ளே நேர்மின்னாக மாறிப் பெரிய கண்டென்சரில் 325 வோல்ட்டாகத் தங்கி நிற்கும்; ஆளைத் தூக்கிப் போட அது போதும். அண்ணாச்சி செய்வதுபோல ஒரு பல்பின் இரண்டு வயரால் அதைத் தொட்டு இறக்கினேன். பல்பு ஒரு நொடி கண் விழித்து மூடியது. அவர் இப்போது இல்லை. அவர் கடை இருந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். ஆனால் அந்த ஒரு நொடி வெளிச்சத்தில் அவரும் என் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார்.

நோய் என்ன என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. டிஸ்கைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தால் 12 வோல்ட் ஒழுங்காக நின்றது. டிஸ்கை மாட்டியதும், அது சுழலக் கிளம்புகிற அந்த நொடியில், வோல்ட் சரசரவென்று இறங்கியது, பெட்டி அணைந்தது, மறுபடி எழுந்தது, மறுபடி இறங்கியது. கிணற்று மோட்டார் கிளம்பும்போது வீட்டு விளக்கு மங்குமே, அதேதான். சுற்றிக்கொண்டிருக்கும் டிஸ்குக்குக் கொஞ்சம் கரண்ட் போதும். நின்ற இடத்திலிருந்து கிளம்பப் பல மடங்கு வேண்டும். அந்த நொடிக்காகத்தான் கண்டென்சர்கள் முன்கூட்டியே கரண்டைச் சேமித்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். இதில் வரிசையாக மூன்று கண்டென்சர்களின் தலை, தட்டையாக இருக்க வேண்டியது, உப்பி மேடாகியிருந்தது. உள்ளே இருந்த ஈரம் வற்றிவிட்டது.

அதன் உடம்பில் 105 டிகிரி என்று அச்சிட்டிருக்கும். அந்தச் சூட்டில் 2,000 மணி நேரம் என்பது சாதாரண ரகத்துக்குச் சொல்லும் ஆயுள். சூடு பத்து டிகிரி குறையக் குறைய ஆயுள் இரண்டு மடங்காகும். பெட்டிக்குள் 45 டிகிரி என்று வைத்துக்கொண்டு அப்பாவின் நோட்டுக் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன்: 1,28,000 மணி. வருஷமாக மாற்றினால் பதினாலரை. பெட்டி தன் ஆயுளை முழுசாக வாழ்ந்திருக்கிறது. யார்மேலும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டிஸ்கை மட்டும் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பதிவுகளை எடுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் மாட்டிப் பார்த்தேன். ஒன்றும் திறக்கவில்லை. பதிவுகள் எல்லாம் பூட்டுப் போட்டவை; சாவி அந்தப் பெட்டிக்கும் அதில் செருகிய கார்டுக்கும் மட்டும்தான். அந்தப் பெட்டி எழுந்தால்தான் அப்பா பதிந்ததைப் பார்க்க முடியும். வேறு பெட்டியில் வைத்தால் அது டிஸ்கைத் துடைத்துவிடும். கார்டுக்கு மாதாமாதம் பணம் கட்டாவிட்டால் வீட்டில் கிடக்கும் பதிவுகூட ஓடாது. கேசட் கருப்பட்டிச் சிப்பத்தோடு ஊர் சுற்றித் திரும்பி வந்த வீடு இது. அக்காவுக்குப் புஷ்கரத்தைக் கொடுத்தனுப்ப வழியில்லை என்று தெரிந்தபோது எனக்கு உண்மையாகவே நெஞ்சு கனத்தது. காதை உடைத்து வைத்தாலும் செல்லோடேப்புக்கு இடம் கொடுத்த அந்தக் காலத்துப் பொருள்களில், வைத்திருப்பவனை நம்பிய ஒரு குணம் இருந்தது.

கண்டென்சர் திசையன்விளையில் கிடைக்கவில்லை. பஜாரில் நாலு கடை ஏறி இறங்கினேன். "அதையெல்லாம் யாரு சார் இப்ப மாத்துதா, போர்டோட மாத்திருவோம்" என்றார்கள். மறுநாள் திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போய், மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒரு பழைய ஸ்பேர் கடையில் வாங்கினேன். ஆயிரம் மைக்ரோ ஃபாரட், பழசில் 16 வோல்ட், நான் 25 எடுத்தேன்; வோல்ட் கூடினால் தப்பில்லை, குறைந்தால்தான் தப்பு. கடைக்காரர் வயசாளி. மூன்றையும் மீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பொட்டலம் கட்டினார். "105 டிகிரிதான், பயப்படாதீங்க தம்பி" என்றார். ஐம்பத்து மூன்று வயதில் தம்பி என்று கேட்க நன்றாக இருந்தது. மூன்றும் சேர்த்து ஒரு காப்பி விலைகூட ஆகவில்லை.

ராத்திரி ஹாலில் பழைய தினத்தந்தியை விரித்து உட்கார்ந்தேன். அம்மா டார்ச் பிடித்தாள். அவள் கை லேசாக நடுங்கியது, வெளிச்சமும் போர்டின்மேல் நடுங்கிக்கொண்டே இருந்தது. "ஆட்டுதேனா?" என்று கேட்டாள். "இல்லம்மா, சரியா இருக்கு" என்றேன். பழைய கண்டென்சரின் காலைச் சூடுபடுத்தி இழுத்தால் வந்துவிட்டது; கழற்றும் முன்பே கோடு போட்ட நெகட்டிவ் பக்கம் எது என்று நோட்டில் குறித்துக்கொண்டேன், மாற்றி வைத்தால் வெடித்துவிடும். புதிதை வைத்து, முதலில் காலையும் தகட்டையும் சூடாக்கி, எதிர்ப்பக்கத்தில் ஈயத்தைத் தொட்டேன். ஓடிவந்தது. பளபளத்தது. புகை கிளம்பியதும் அம்மா மூக்கை உறிஞ்சி, "குங்கிலியம்" என்றாள், நாற்பது வருஷத்துக்குப் பிறகு.

மரப்பலகையும் ஹோல்டரும் இல்லாததால் சமையலறை வயரை வெட்டி ஒரு சீரீஸ் பல்பு கட்டினேன். பல்பு ஒருமுறை மினுங்கி மங்கியது. பிறகு நேராக மாட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்து, அணைந்து, பச்சையாகி நின்றது. மெல்ல, தூரத்தில் அடுப்பு மூட்டியதுபோல, அந்த இரைச்சல் எழுந்தது.

"மூச்சு வந்துட்டு" என்றாள் அம்மா.

ரிமோட்டில் பட்டியலைத் திறந்தேன். வான்கடே இருந்தது. புஷ்கரம் பன்னிரண்டு நாளும் இருந்தது. கடைசியில் தில்லானா மோகனாம்பாள், 1968, ஏ.பி. நாகராஜன் படம்; சிவாஜி வாசிக்க மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம் ஒலிக்கிற படம். அதன்மேல் வைத்ததும் பெட்டி இரண்டு வழி காட்டியது: முதலிலிருந்து பார்க்க, விட்ட இடத்திலிருந்து தொடர. விட்ட இடம் 1 மணி 12 நிமிடம்.

ரிமோட் என் கையிலேயே நின்றது. தொடர்ந்து பார்த்தால் அந்த எண் போய்விடும்; இனிமேல் நாங்கள் விட்ட இடத்தைத்தான் பெட்டி ஞாபகம் வைத்திருக்கும். அம்மாவிடம் அதைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த எடத்துலதான், மீதிய நாளைக்குப் பாத்துக்கிடலாம்னு எந்திரிச்சுப் போய்ப் படுத்தாவ" என்றாள்.

நோட்டை எடுத்து, அப்பாவின் கடைசி வரிக்குப் பக்கத்தில், என் எழுத்து அவர் எழுத்தைத் தொடாமல், "1 மணி 12 நிமிடம்" என்று எழுதினேன். சிவப்புப் பேனா தேடினேன், கிடைக்கவில்லை. நீலத்திலேயே எழுதினேன்.

"போடுய்யா" என்றாள் அம்மா, கட்டிலில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு.